மேற்கோள் பூஜ்யம்

மண்டபத்தில் வடகடல் அசையாமல் கிடக்கும் மாதம்.
தென்பக்கம் கச்சான் ஜன்னலை அறைகிறது.
நான் கட்டுரைகளை எண்ணுகிறேன்:
உலகம் முழுக்க, கொரோனா என்ற சொல்லைத்
தலைப்பிலோ சுருக்கத்திலோ சுமந்து வந்தவை,
ஆண்டு வாரியாக, நாடு வாரியாக,
யார் யாரோடு சேர்ந்து எழுதினார் என்ற வாரியாக.

வெகுகாலம் தரையோடு தரை.
கோழி, பன்றி, எலி; கால்நடை மருத்துவர்கள் சிலர்
ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டு.
இரண்டாயிரத்து மூன்றில் ஒரு திமில்.
பணம் வற்ற வற்றக் கோடும் வற்றுகிறது,
உப்பளப் பாத்தி மாதிரி.
பன்னிரண்டுக்குப் பின் சின்னதாய் இன்னொன்று,
ஒட்டகங்கள் தந்தது.
அப்புறம் இருபது.
இருபதுக்குக் கோடு இல்லை, சுவர்.
சுவர் தாளுக்குள் அடங்க அளவை மாற்றினேன்;
பழைய திமில்கள் காணாமல் போயின.

பாம்பன் இறங்குதளத்தில் இன்னாசிமுத்துவும் எண்ணுகிறார்.
தொண்ணூறு விசைப்படகு வந்தால் பத்தைப் பார்ப்பார்,
ஒன்பதால் பெருக்குவார்.
காரல் இத்தனை கூடை, நகரை இத்தனை, கழிசல் இத்தனை.
"ஒரே படகு இங்க பாதி, ராமேஸ்வரத்துல பாதின்னு வித்தா
ரெண்டு தடவ எழுதிருவாங்க, பாத்துக்கங்க."
அன்றைக்கு ராத்திரி என் பட்டியலில்
ஒரே கட்டுரை மூன்று முறை:
முன்வரைவாக, இதழில், பிழைதிருத்தமாக.
இரண்டைத் திரும்பக் கடலில் விட்டேன்.

முகவரிப் பத்தியில் நம் மாவட்டத்தைத் தேடினேன்.
ராமநாதபுரம் என்றொரு ஊர்,
ராம்நாடு என்றொரு ஊர்,
ஓர் எழுத்து உதிர்ந்த ராமநாபுரம் வேறு.
கணினிக்கு மூன்றும் மூன்று.
சேர்த்துக் கழித்து நின்றது ஒன்றே ஒன்று.
அரைப் பக்கக் கடிதம். அரசு மருத்துவமனை,
டாக்டர் உம்மு ஹபீபா, தனிப்பெயர்.
நோயாளி ஆண், ஐம்பத்து மூன்று, மீனவர், தீவுவாசி.
வாசனை திரும்பியது நாற்பத்தோராம் நாள்;
முதலில் தெரிந்தது சூடைக் கருவாடு.
மேற்கோள்: பூஜ்யம்.

சனிக்கிழமை ஏலம் முடிந்ததும்
அவரிடம் படித்துக் காட்டினேன், ஒரு தினுசான கடிதம் என்று,
தமிழில், சொல்லுக்குச் சொல் தட்டித்தட்டி.
இன்னாசிமுத்து பேனாவை மூடினார்.
"மீனவர்னா போட்டுருக்கு?"
ஆமாம்.
"நான் பிடிக்கிறவன் இல்ல. எண்ணுறவன்."

ஐஸ் உடைக்கும் மிஷின் ஒரு கட்டியை முழுசாகத் தின்று முடித்தது.

"பதினாலு நாள் வீட்டுல.
மிச்சம் இருபத்தேழு நாளும் மூக்கு இல்லாமதான் எழுதினேன்.
கெட்டத நல்லதோட சேத்திருப்பேன்.
யாரும் கேக்கல."
எத்தனை பேர் இதைப் படித்தார்கள் என்றார்.
படித்தவர்களை எண்ண முடியாது,
எடுத்துச் சொன்னவர்களை மட்டும்தான் என்றேன்.
"நீங்க எடுத்துச் சொல்லிட்டீங்கள்ல. ஒன்னுன்னு போடுங்க."

போட முடியாது. விதி இருக்கிறது.

ராத்திரி சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒரு புள்ளியின் தடிமனில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள்.
அதில் எங்கோ கருவாடு.
குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்:
நோயாளியின் தொழில் தவறாகப் பதிவாகியிருக்கலாம்.
வழிகாட்டி அதை வெட்டிவிடுவார்,
எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பாலம் தாண்டிப் போனால்
கூடைகளுக்கு நடுவிலிருந்து தலை தூக்காமல் கேட்பார்:
பாடு எப்படி?

உண்டு என்பேன்.
பாடு உண்டு.