இல்லாத நாற்காலி

முதுகைச் சுவரில் சாய்த்து
நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.
நாற்காலி இல்லை.
தொடை நடுங்குகிறது.
குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை
எழக்கூடாது என்பது கணக்கு.

சித்திரையில் ஆறரை மணிக்கே
வாசல் கொதிக்கிறது.
முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் குடித்த
இந்தச் சுவர் மட்டும்
ரவிக்கையைத் தாண்டி
முதுகெலும்பை எண்ணிப் பார்க்கிறது,
ஈரத் துணி மாதிரி.

இரண்டாவது விசிலில் திருநா வருகிறார்,
வாயில் பற்பசை நுரை.
"யாராச்சும் வந்தா என்ன நெனப்பாக?"
சொன்னவரே பக்கத்தில் சாய்ந்து
உட்கார்ந்து பார்க்கிறார்.
ஒன்பது நொடி.
சரிந்தவரைத் தூக்கிவிட
சிரிப்பில் எனக்குத் தெம்பில்லை.
மூன்றாவது விசிலை யாரும் எண்ணவில்லை.
அன்றைக்குச் சாதம் குழைந்துபோனது.

பகலெல்லாம் தையல் மிஷினில் குனிகிற உடம்பு.
செக்காலை ரோட்டில் பாதி ஜாக்கெட்
என் இடுப்பு வலியில் தைத்தது.
மாதம் ஒருமுறை அளவு நாடாவை
என்னைச் சுற்றியே போட்டுக்கொள்வேன்.
நோட்டில் ஊர் அளவெல்லாம் பேனாவில்.
என்னுடையது பென்சிலில்.

ஆடியில் சுவர் வேண்டாம்.
மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் போதும்.
ஒரு முனையைக் காற்று இழுக்க
மறுமுனையை நான் இழுக்க
எட்டு முழ வேட்டியோடு மல்யுத்தம்.
போன வெள்ளிக்கிழமை காற்று ஜெயித்தது.
அடுத்த வீட்டு ஓட்டின்மேல்
கைகால் பரப்பிக் கிடந்த வேட்டியை
தொரட்டியால் எடுக்க
அரைமணி நேரம் எம்பினேன்.
அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை
முற்றத்துக்குள்ளேயே வந்து குடியேறிவிடும்.
நாலு பக்கமும் ஓடுகள் கொட்ட
வளவைச் சுற்றி நடக்கிறோம்.
எங்களுக்கு இருப்பது
ஒன்றே முக்கால் அறை, வாடகைக்கு.
மிச்சமெல்லாம் பங்காளிகள் பதினோரு பேர்
பூட்டிவிட்டுப் போன கதவுகள்.
பூட்டுகளுக்குச் சர்க்கரை ஏறுவதில்லை,
நடக்கத் தேவையில்லை.
ஆகவே தாழ்வாரம் முழுக்க எங்களுக்கே.

சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை,
இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு.
நாற்பது என்று பேச்சு.
அவர் இரண்டிரண்டாய்ப் போடுவது
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது
அவருக்கும் தெரியும்.
ஒழுகும் மூலையில் வைத்த அண்டாவை
ஒதுங்கித் தாண்டும்போது மட்டும்
கை பிடித்துக்கொள்கிறோம்.
ஆத்தங்குடிக் கல் வழுக்கும் என்பது காரணம்.
வழுக்கும்தான்.

மார்கழி பற்றிச் சொல்ல அதிகமில்லை.
போர்வை ஜெயித்த மாதம்.
பிள்ளையார் நோன்பு முடிந்து
எதிர்வீட்டு உமையாள் கொடுத்தனுப்பிய
கந்தரப்பம் பன்னிரண்டு.
எண்ணியது அவர்.
தின்றது யார் என்று
பென்சிலுக்குத் தெரியும்.

தையில் ஒரு விடிகாலை
குன்றக்குடிவரை நடப்போமா என்றார்.
நேர்ச்சை ஏதுமில்லை,
புதுச் செருப்பு வாங்கியிருந்தார், அவ்வளவுதான்.
பழனிக்குப் போகிற கூட்டம்
எங்களை ஓரமாய் ஒதுக்கிக் கடந்துபோனது.
வெறுங்காலோடு ஒரு பையன்
திரும்பிப் பார்த்து
"மெதுவா வாங்க, முருகன் எங்கயும் போகமாட்டாரு" என்றான்.
நாங்கள் மெதுவாகவே போனோம்.
மலைப்படியில் ஏறுகையில்
மூச்சு வாங்கியது அவருக்கு இல்லை.
எனக்கு.

திரும்புகையில்
"பஸ்ஸுல போயிருவமா?" என்று கேட்டதும் நான்தான்.
ஒரே ஒரு இடம் காலியாய் இருந்தது.
உட்காரச் சொன்னார்.
நான் நின்றேன், சும்மா வீம்புக்கு.
வளைவுகளில் பஸ் சாய்ந்தது,
தொடை ஒருமுறைகூட நடுங்கவில்லை.
அதை யாரிடம் சொல்வது?
கண்டக்டர் சில்லறை கேட்டார்.

ராத்திரி
ஐப்பசியில் ஒழுகலுக்கு வைத்த அதே அண்டாவில்
வெந்நீர், ஒரு கை கல்லுப்பு,
நாலு கால்கள்.
"நாளைக்கு?" என்றார்.
"நாளைக்கு லீவு."
சரி என்று தலையாட்டினார்.
உப்புத் தண்ணீருக்கு அடியில் அவர் பெருவிரல்
என் குதிகாலை மெல்ல உதைத்து
ஒன்று, இரண்டு என்று
எண்ணத் தொடங்கியிருந்தது.