ஏற்றுமதி

பீடோரில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
செம்பனை லாரி திரும்பும்போதெல்லாம்
மேசையில் ஹார்ட் டிஸ்க் நடுங்கும்;
விரலால் பிடித்துக்கொள்வேன்.

தர்ஷாயினி கல்யாணம். ஆறு மணி நேரக் காட்சி.
நாற்பது நிமிடம் போதுமாம் அப்பாவுக்கு:
"வாட்ஸாப்ல போற மாதிரி, தம்பி, சின்னதா."

வெட்டுகிறேன்.
மைக் சோதனை, ஐஸ் மூட்டை இறங்கியது,
ஒய்.பி. பேசிய பதினெட்டு நிமிடம்.
தாலி கட்டும் இடத்தில் மட்டும் கை நிற்கிறது.

நாலு கே படம்.
இரு மடங்கு இழுத்தாலும் உடையாது.
பெண்ணின் முகத்துக்காகத்தான் இழுத்தேன்.
முகத்துக்குப் பின்னால் மண்டபத்தின் கண்ணாடிக் கதவு,
கதவுக்கு வெளியே
ஹெல்மெட் கழற்றாத ஒருவன்.

அவள் அண்ணன் தினகரேசன்.
நாலு வருஷமாய் அந்த வீட்டில்
வாயில் வராத பெயர்.

நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம்.
ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
பதினொன்றில் மஞ்சளரிசி அவன் கையை விட்டது.
பத்தொன்பதில் கண்ணாடியில் பட்டது.
இருபத்து மூன்றில்
அவள் திரும்பிப் பார்க்கிறாள்,
அல்லது கண்ணில் புகை.

நானூற்று எண்பதுக்கு இறக்கினால்
அவன் நாலைந்து சாம்பல் கட்டம்.
அரிசி இருக்கவே இருக்காது.

அப்பாவுக்கு எம்பி ஃபோர்,
இருநூற்று நாற்பது எம்பி, போய்விட்டது.

இன்னொன்று சுருக்காமல்.
முப்பது ஜிபி. பென்டிரைவ் என் காசு.
பெயர் கேட்ட கட்டத்தில்
'தர்ஷாயினி மட்டும்' என்று அடித்து
ஏற்றுமதியைத் தட்டினேன்.

அறுபத்திரண்டு விழுக்காடு.
கீழே ஏதோ லாரி
ரிவர்ஸ் எடுக்கிறது.