இல்லு காவாலி

ஆரம்பாக்கத்தில் ஏழாயிரத்து ஐந்நூறு, பத்து மாத அட்வான்ஸ்.
தடாவில் ஐயாயிரம், இரண்டு மாதம் கொடுத்தால் சாவி.
நடுவே ஒரு சோதனைச்சாவடி,
நகராத லாரிகள்,
இரண்டு மொழியிலும் ஒரே விலை சொல்லும்
இளநீர்க்காரன்.

ஆம்பூரில் எங்கள் தையல் லைனை நிறுத்திய அன்று
"தடாவுக்கு வருகிறவர்கள் கை தூக்கலாம்" என்றார்கள்.
நாற்பத்தொரு பேரில் ஆறு கை.
ஆறாவது என்னுடையது.
பாதிதான் தூக்கினேன்,
முழுதாக எழுதிக்கொண்டார்கள்.

அதனால் இந்த ஞாயிறு
ஒரே பைக்கில் மூன்று பேர் வீடு பார்க்கிறோம்.
பெட்ரோலைத் தமிழ்நாட்டிலேயே நிரப்பியாயிற்று.
அந்தப் பக்கம் விலை கூட:
தணிகைவேல் கண்டுபிடித்த முதல் குறை.
மற்றவை பெட்ரோல் பில்லின் முதுகில் ஏறுகின்றன.
ரேஷன் கார்டு செல்லாது.
எனக்கு வரும் மாதம் ஆயிரம் நின்றுபோகும்.
பள்ளியில் தமிழ் வாத்தியார்
மாற்றலில் போனவர் போனவர்தான்.
தண்ணீர் என்று எழுதி
ஒரு கேள்விக்குறி.

கேட்டைத் திறந்ததும் பெஞ்சலம்மா கேட்டாள்:
"எந்த மந்தி?"
என் முதுகில் முகம் புதைத்துக்
குலுங்கினாள் மகள்.
எத்தனை பேர் என்கிறாளாம்.
மூன்று விரல் காட்டினேன்.
மூன்று மந்திகளும் உள்ளே போனோம்.

இரண்டு அறை. சமையல்கட்டு ஜன்னலில்
பழவேற்காட்டு ஏரியின் காற்று, கொஞ்சம் மீன் வாடையோடு.
குழாயைத் திருகி ஒரு வாய் குடித்தேன்.
"உப்பு" என்றேன்.
"அவுனு, உப்பு" என்றாள்.
எங்களுக்குள் அகராதி தேவைப்படாத
முதல் சொல்.

வெளியே வந்ததும் இவர் சொன்னார்:
"ஆரம்பாக்கத்திலேயே இருந்துவிடலாம்.
எட்டு கிலோமீட்டர்தானே, போய்வந்துவிடலாம்."
போய்வருதல் என்ற வினைக்கு
எங்கள் வீட்டில் எழுவாய் எப்போதும் நான்.
ஆம்பூரிலும் அப்படித்தான்.

கம்பெனி பஸ்ஸின் பர்மிட் சாவடியோடு முடிகிறது.
இரண்டாம் ஷிப்ட் விட்டு அது வந்து சேர
இரவு பதினொன்று.
"அதுவரை இருந்து பார்ப்போமா?"
இவ்வளவுதான் கேட்டேன்.

தோசை சாப்பிட்டோம், காரம் தாங்காமல்
இரண்டு முறை தண்ணீர் வாங்கினோம்.
பஸ் வந்தது.
நான்கு பெண்கள் இறங்கினார்கள்.
இருவர் அந்தப் பக்கம் திரும்பினார்கள், பேசிக்கொண்டே.
இருவர் இந்தப் பக்கம்.
பேச்சு நின்றது.
செல்போன் வெளிச்சத்தைக் காலடியில் பிடித்து
லாரிகளின் ஓரமாக நடந்தார்கள்.
எங்கோ ஒரு டிரைவர்
தேவையில்லாமல் இருமினான்.

இவர் வண்டியை ஓட்டவில்லை.
பெட்ரோல் டாங்கில் கவிழ்ந்து மகள் தூங்க
தள்ளிக்கொண்டே அவர்கள் பின்னால் நடந்தார்.
நான் அவர் பின்னால்.
அடிகளை எண்ணுகிறார் என்று தெரிந்தது,
உதடு அசைந்தது.
ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் ஆட்டோ இல்லை.
அணைந்து அணைந்து எரியும் ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே
எண்ணுவதை விட்டார்.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.

காலையில் பல் துலக்குமுன்
பெஞ்சலம்மாவுக்குப் போன் போட்டார்.
இளநீர்க்காரனிடம் கற்ற ஒரே வாக்கியம்:
"இல்லு காவாலி."
எங்கள் ஊரில் காவாலி என்றால் வசவு,
வீடு தங்காமல் திரிகிறவன்.
அங்கே அதற்கு
வேண்டும் என்று பொருள்.

எதிர்முனையில் மறுபடி அதே கேள்வி.
"மூணு மந்தி" என்றார் இவர்,
கணக்கு வாத்தியாரிடம் விடை சொல்லும் குரலில்.
அவள் சிரித்துத் திருத்தினாள்.
சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து
குறைகளுக்கெல்லாம் கீழே,
இடம் போதாமல் ஓரமாகச் சாய்த்து
எழுதிக்கொண்டார்:
முக்குரு.