மூன்றாம் பாய்ச்சலில் என் வேலை

எனக்குத் தந்தது ஒரு விசில்,
பதினைந்து மீற்றர் கயிறு அடைத்த மஞ்சள் பை,
மூன்றாம் பாய்ச்சலுக்கு நேரெதிரே
அவ்வளவாக வழுக்காத ஒரு பாறை.
சம்பளம் கிடையாது. பகல் சோறு உண்டு.
டீசேட்டின் முதுகில் மூன்று மொழியிலும் தொண்டர்.
தமிழில் மட்டும் தொன்டர்.

பத்து மணிக்குத் தண்ணீர் திறப்பதாக
மின்நிலையம் கடிதம் தந்திருந்தது.
பதினொன்றரைக்கும் ஓயா முழங்காலைத் தாண்டவில்லை.
கண்டியிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும்
லொறியேறி வந்த முப்பத்தொரு படகும்
கல்லில் குப்புறக் கிடந்து
ஆமைகளாய் வெயில் காய்ந்தன.
அஸ்மீர் அணைக்குப் போன் போட்டான்.
மேலிடத்தில் கேட்கச் சொன்னார்களாம்.
மேலிடம் சாப்பிடப் போயிருந்தது.

ஆறு வராத ஆற்று விழாவில்
பாட்டு முந்திக்கொண்டது.
ஹட்டன் பையன்கள் கித்தாருக்குச் சுருதி சேர்க்கவே
முக்கால் மணி நேரம்.
நுவனியின் அக்கோடியனில் ஒரு கட்டை ஊமை,
அந்தச் சுரம் வரும்போதெல்லாம்
வாயால் பாடி நிரப்பினாள்.
பிறகு பெரியசெல்வம் செட்டு
சருகு கொளுத்தித் தப்பைக் காய்ச்சியது.
படகோட்டிகள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆடினார்கள்.
நான் பாறையை விட்டு நகரவில்லை.
விசிலை ஒரு தடவை ஊதிப் பார்த்தேன்.
அக்கரையில் ஒரு மாடு நிமிர்ந்து பார்த்தது.

இரவில் கூடாரம் நாற்பத்தாறு.
எண்ணியதும் நான்தான்.
அட்டைக்கு உப்பு, கழிவறைக் குழிக்கு
கிளையில் கட்டிய டோர்ச்.
எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம்,
மஸ்கெலியாப் பக்கம் மின்னல்.

இரண்டு இருபதுக்குச் சைரன்.
நாங்கள் கேட்ட தண்ணீர்
கேட்காத நேரத்தில் புறப்பட்டிருந்தது.

ஜெனரேட்டரில் எண்ணெய் இல்லை, மைக் பிணம்.
பெரியசெல்வம் பனியில் நனைந்த தப்பை எடுத்தான்.
தொப், தொப் என்று
ஈரச் சாக்கை அடிப்பதுபோல் ஒரு சத்தம்,
அதற்கே எழுந்தார்கள்.
எழாத ஒருவரைக் கூடாரத்தோடு
நால்வர் தூக்கி மேட்டில் வைத்தோம்.
கொழும்புக்காரர்,
விடிந்த பிறகு வந்து
ஆறு ஏன் இடம் மாறிவிட்டது என்று கேட்டார்.
மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறு.
ஆட்களையும் எண்ணினேன், சரி.
மணல்திட்டில் வைத்த கிடாரத்தைத்தான் காணோம்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் கிடாரம்.
விளிம்பில் வெட்டிய எழுத்து:
உபயம் எட்டாம் நம்பர் லயம்.
திருவிழாவுக்கு இன்னும் பதினொரு நாள்.
இரவல் வாங்கிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

காலை எட்டுக்கு ஓயா தேத்தண்ணி நிறத்தில் பொங்கியது.
முதல் படகு முதலாம் பாய்ச்சலிலேயே கவிழ்ந்தது.
இரண்டாவது, இரண்டாம் பாய்ச்சலில்.
மூன்றாவதாக
எந்த வேரில் இராத்தங்கியதோ
வாயை வானத்துக்குக் காட்டியபடி
கிடாரம் வந்தது.
துடுப்பில்லை, ஜாக்கெட்டில்லை.
பெரிய கல்லை இடப்பக்கம் விட்டது,
நுரைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியது,
பின்பக்கமாகவே மூன்றாம் பாய்ச்சலில் இறங்கியது.
நிமிர்ந்தே இறங்கியது.

விசில் ஊதினேன்.
பிடிக்கக் கை இருப்பதுபோல்
கயிறு, கயிறு என்று கத்தினேன்.
முதல் வீச்சு தண்ணீருக்கு.
ஈரக் கயிற்றை வாரிச் சுருட்டி
இரண்டாவது.
பை வளையத்துக்குள் புகுந்து
மறுபக்கம் மாட்டிக்கொண்டது.
பாறையில் குந்தி இழுத்தேன்,
என் இடுப்பை அஸ்மீர் பிடித்தான்,
அவன் இடுப்பை யாரோ.

இரண்டு நாள் விழாவில்
நான் கரைசேர்த்தது அது ஒன்றைத்தான்.
நடுவர்கள் அதற்கு ஒன்பதரை போட்டார்கள்.
உள்ளே ஒற்றைச் செருப்பு.
யாருடையதென்று
மூன்று மொழியிலும் அறிவித்துப் பார்த்தோம்.
ஒருவரும் வரவில்லை.

மணல் போட்டுத் தேய்த்து
அதிலேயே பகல் சோறு வடித்தோம்.
லயம் என்ற எழுத்துக்குக் கீழே
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல்.
அதைக் கோயிலில் போய் யார் சொல்வது?
கூடாரமெல்லாம் கழற்றி
லொறியில் ஏற்றியாகிவிட்டது.
தொன்டர்கள் நாங்கள் ஐந்து பேர்
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.