ஒன்றல்ல, இரண்டல்ல

அலைக்குப் பிந்திய மாசியில்
என் வேலை எண்ணுவது.
நிலாவெளிப் பள்ளிக்கூடம்,
வகுப்பறைக்கு ஐந்து குடும்பம்,
ஆளுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு.
பொழுதுபட விரலை நீட்டித் தலைகளைத் தொட்டபடி போவேன்.
தொகை பிழைத்தால் கச்சேரியில் கையெழுத்து விழாது.
புவிராசசிங்கத்தின் அட்டையில் நாலு பேர்.
மூன்றைச் சிவப்பால் வெட்டியது நான்.

"எண்ணல்லே சாரே" என்றாள் சிம்ஹா.
கொச்சியிலிருந்து வந்த தாதி, யூதப் பெண்.
குழந்தைகளுக்கு ஊசி போடும்போது
அவள் எண்ணுவதைக் கேட்டிருக்கிறேன்:
ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்றல்ல.
எங்கள் பேச்சில் அதற்குக்
கணக்கில்லை என்று பொருள், சொன்னேன்.
"அதுதானே" என்றாள்.
தம்பலகாமத்துக் களத்திலும்
முதல் மரக்காலை ஒன்று என்னமாட்டார்கள்,
லாபம் என்பார்கள்.
அது நெல்.
ஆட்களைச் சாவடி தோறும் இறக்கி எண்ணினார்கள்.
எங்களை எண்ணியவர்கள் எல்லாரும்
சோறுபோட எண்ணியவர்கள் அல்ல.

வெள்ளி மாலை கரும்பலகைக்குக் கீழே
பால்மா ரின்னில் இரண்டு மெழுகுதிரி.
கொளுத்துமுன் தன் பேனாவை என் பையில் செருகினாள்.
நோயாளிக்கென்றால் நாளைக்கும் எழுதுவாளாம்,
தொகைக்கு எழுதமாட்டாளாம்.

அந்த வாரத்துப் பகுதி அது, அவள் வேதத்தில்:
மக்களைத் தொகை பார்க்கும்போது
ஆளுக்கு அரைச் சேக்கல் வாங்கு.
உள்ளவன் கூட்டவேண்டாம்,
இல்லாதவன் குறைக்கவேண்டாம்.
இல்லையேல் கொள்ளைநோய்.
கொள்ளைநோய்க்கு அவளிடம் குளோரின் வில்லை இருந்தது.
ஆனாலும் கேட்டேன், ஏன் அரை?
"மற்றப் பாதி பக்கத்தில் நிற்பவனிடம்,
அப்பன் அப்படித்தான் சொல்லும்."
பக்கத்தில் நின்றவன் போய்விட்டால்?
அவள் வில்லைப் போத்தலைக்
குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே பகுதியில்தான்
மலையிலிருந்து இறங்கியவர்
கற்பலகைகளைப் போட்டு உடைக்கிறார்.
உடைந்த துண்டுகளையும்
புதிய பலகைகளோடு ஒரே பெட்டியில் வைத்துச்
சுமந்தார்களாம்.
என் பழைய இடாப்பு கடல் குடித்து உப்பி
கூரைத் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.
எரிக்கச் சொல்லிக் கடிதம் வந்து
ஒன்பது நாள்.

சனி காலை
லொறிக்கு முன்பே வரிசை கிடந்தது.
ஆட்கள் இல்லை, செருப்புகள்.
இடம்பிடிக்க ஆளுக்கு ஒன்றை விட்டுவிட்டு
மற்றதை மாட்டிக்கொண்டு
வேம்பின் கீழ் நொண்டிப் போயிருந்தார்கள்.
சித்தி மிஸ்ரியாவின் நீலம்.
சுனிமலின் பாட்டா, அறுந்த வாரில் ஊக்கு.
சோடி கடலோடு போன எத்தனையோ ஒற்றைகள்.
முதல்முறையாக
யார் தலையையும் தொடாமல் எண்ணினேன்.
இருநூற்றுப் பதினொன்று.
இடாப்பில் இருநூற்றுப் பத்து.

திரும்ப எண்ணினேன்.
புவிராசசிங்கத்தின் செருப்புக்குப் பின்னால்
ஒட்டினாற்போல் ஒன்று,
சாண் நீளமில்லை,
சிவப்பு, குதியில் மணல்.

வேம்பின் பக்கம் பார்த்தேன்.
அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அல்லது என்னைப் பார்க்காதிருந்தார்.

எத்தனை என்றான் லொறிக்காரன்.
சிம்ஹாவின் பேனாவால் எழுதினேன்,
இருநூற்றுப் பதினொன்று.
மை திட்டாய் இறங்கியது.

மத்தியானம் ஒரு பங்கு பருப்பு
மேசையில் மிஞ்சிக் கிடந்தது.
மாலையில் இல்லை.
நான் விசாரிக்கவில்லை.