நான்கு நொடி

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது, கப்பல்களுக்கு விடுமுறை.
முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட இடத்தில்
இப்போது மெத்தைக் கடை.
பூட்ஸைக் கழற்ற வேண்டாம் என்கிறான் விற்பனைப் பையன், டூவா.
கால்மாட்டில் பிளாஸ்டிக் விரித்திருக்கிறதாம்.

அலைந்து அலைந்து இரண்டில் வந்து நிற்கிறோம்.
இரண்டும் பன்னிரண்டு அங்குலம், இரண்டும் மெமரி ஃபோம்,
இரண்டுக்கும் பத்து வருட உத்தரவாதம்,
இரண்டிலும் குளிர்ச்சி தரும் ஜெல்,
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
ஓரத் தையல் ஒன்றில் நீலம், ஒன்றில் சாம்பல்.
நீலம் நாற்பது டாலர் கூட.
அவ்வளவுதான்.

ஆரின் நீலத்தில் படுக்கிறான்,
மல்லாந்து, நெஞ்சில் கைகோத்து, கல்லறைச் சிலை மாதிரி.
"நன்றாக இருக்கிறது."
சாம்பலில் படுக்கிறான்.
"இதுவும்."

அப்படியா நீ தூங்குவாய்?
இடப்பக்கம் திரும்பு.
வலது முழங்காலை மடக்கு. தலையணைக்கு அடியில் கை.
இன்னும் உள்ளே.
இருபத்துமூன்று வருடம்
அந்த முழங்கால் என் தொடையில் இடித்திருக்கிறது,
எனக்குத் தெரியாதா.

தோள் அமுங்குகிறதா? இல்லை.
இடுப்பு தொங்குகிறதா? கொஞ்சம்.
எதில்?
இரண்டிலும்.

டூவா உள்ளங்கையை நீலத்தில் அழுத்தி எடுக்கிறான்.
ஐந்து விரலும் குழிந்து நின்று
மெல்ல மேலெழும்பித் தட்டையாகிறது வெள்ளை.
எண்ணுகிறேன். நான்கு நொடி.
சாம்பலில் ஏழு.
"இதுதான் மேடம் இதன் ஞாபகம்."
இதைப் போய் ஞாபகம் என்கிறார்கள்.

"நீங்களும் பக்கத்தில் படுத்துப் பாருங்கள்,
அவர் புரண்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது."
ஆரினின் காது சிவக்கிறது.
"ஒற்றைக் கட்டில்தான்," என்கிறான் கூரையைப் பார்த்து.
டூவா விலைச்சீட்டை எடுத்து, பார்த்து,
அதே இடத்தில் மறுபடி வைக்கிறான்.

அக்டோபரில் கையெழுத்துப் போட்டோம்.
வீடு எனக்கு, பிக்கப் வண்டி அவனுக்கு,
நாய் ஞாயிறுதோறும் இடம் மாறும்.
பழைய மெத்தையைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை.
வெறும் ஸ்பிரிங் அது.
அவன் பக்கத்துப் பள்ளத்தில் நாய் படுக்கிறது,
நாய் இல்லாத வாரம்
மடிக்காத சலவைத் துணி.

நேற்று போன் செய்தான்.
"எது எனக்குச் சரிப்படும், மார்லிஸ்?
தூங்கும்போது நான் அங்கே இல்லையே."

படுத்துப் பார்க்கிறேன், சும்மா.
பக்கத்தில் அவன் புரள்கிறான்.
பையன் சொன்னது சரிதான்.
ஒன்றும் தெரியவில்லை.

நீலத்தை எடு என்கிறேன்.
"நாற்பது டாலர் கூட."
அதிகாலை மூன்று மணிக்கு நீ புரளுவாய்,
கனவில் எவனோடோ வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு.
மெதுவாக எழும்பும் குழியில் மாட்டிக்கொள்வாய்.
சீக்கிரம் விடுவதுதான் உனக்கு.
அவன் சிரிக்கிறான். "அப்படியா செய்வேன்?"

நூறு இரவு படுத்துப் பார்க்கலாம்,
பிடிக்காவிட்டால் அழைத்தால் போதும், வந்து எடுத்துக்கொள்வார்கள்.
படிவத்தை என் முதுகில் வைத்து நிரப்புகிறான்,
மேஜை காலியாகத்தான் இருக்கிறது.
தொலைபேசி எண் என்ற இடத்தில்
பேனாவின் அழுத்தம் கோட்டைத் தாண்டி வருகிறது:
எழுநூற்றிருபத்துநான்கு...
வீட்டு எண். என் எண்.

திருத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
டூவா அதற்குள் நகலைக் கிழித்துவிட்டான்.