பதினேழாம் கேள்வி

மூன்று ஆனி, மூன்று முறை,
அதே லயம், அதே ஒன்பதாம் காம்பரா.
மஸ்கெலியா பஸ் இறக்கிவிட்ட வளைவிலிருந்து
அட்டை கடித்த காலோடு ஏறினேன்,
பொலித்தீன் பைக்குள் முப்பத்திரண்டு கேள்விகள்.
ஒன்று என்றால் ஒருபோதுமில்லை. ஐந்து என்றால் எப்போதும்.
நடுவில் கிடப்பதையெல்லாம்
இரண்டும் மூன்றும் நான்கும் பார்த்துக்கொள்ளும்
என்று கொழும்பில் பயிற்சி தந்திருந்தார்கள்.

முதல் வருடம் கிஷோதரனுக்குப் பதின்மூன்று.
பென்சிலைக் கடித்துக் கடித்து யோசித்தான்.
அப்பா ஏசுவாரா? மூன்று.
கை நீட்டுவாரா? இரண்டு. “அதும் கணக்குப் பாடத்துக்கு மட்டும் மிஸ்.”
உன்னோடு சிரிப்பாரா? ஐந்து.
ஐந்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டான்.
ஒன்று போதும், மற்றதை அழி என்றேன்.

இரண்டாம் வருடம் மழை இன்னும் மோசம்.
இஸ்தோப்பில் முகம் சிதறிய போன் ஒன்று கிடந்தது.
யார் எறிந்தது என்ற கேள்வி என் தாளில் இல்லை.
ஏசுவாரா? ஐந்து.
கத்துவாரா? ஐந்து.
நீ திருப்பிக் கத்துவாயா?
ஐந்தில் பென்சில் முனை முறிந்தது.
ஸ்டோருக்கு இரவு வேலைக்குப் புறப்பட்ட விஜயரட்ணம்
தன் தாளுக்கு நின்றபடியே பதில் சொன்னார்:
“எழுதிக்கங்க. எம் மவன் எனக்கு எதிரி.”
எதிரிக்கு எண் இல்லை. நான்கு போட்டேன்.
ஏன் நான்கு என்று இன்றும் தெரியாது.

மூன்றாம் வருடம்
மேலுதட்டில் புகைபோல ஒரு கோடு அவனுக்கு.
ஏசுவாரா? ஒன்று.
கத்துவாரா? ஒன்று.
சண்டை? ஒன்று. ஒன்று. ஒன்று.
தொலைபேசியில் எண்களைக் கேட்ட சேர் மகிழ்ந்துபோனார்:
பகை தணிந்த வீடு,
வரைபடத்தில் அழகாக இறங்கும்.
“ரெண்டு பேரும் பேசி நாலு மாசம்” என்று
அரிசி புடைத்தபடி தாய் சொன்னதை
நான் அவருக்குச் சொல்லவில்லை.

பதினேழு:
கடந்த முப்பது நாட்களில்
தந்தை உன்மீது அன்பு காட்டினாரா?
அதற்கும் ஒன்று.

நோர்வூட் பாதையில் மண் சரிந்து
கடைசி பஸ் வரவில்லை.
அங்கேயே படுத்தேன், தாயின் கம்பளிக்குள் பாதி.

விடியாத ஐந்தரைக்கு
சாக்குக் கொங்காணி சொட்டச் சொட்ட அவர் வந்தார்.
ஜேர்சிக்குள் கைவிட்டு
வயிற்றோடு ஒட்டியிருந்த ஒரு பையை எடுத்தார்.
பைக்குள் வெள்ளைச் சட்டை.
மூன்று வாரமாக இந்த மலையில் எதுவும் காயவில்லை,
சுவருக்கே வியர்த்திருந்தது.
இரவு ஈரமாகக் கொண்டுபோய்
டிரையர் பக்கத்துக் கம்பியில் விரித்து,
தூளுக்குச் சூடு பார்க்கிற அதே புறங்கையால்
தொட்டுப் பார்த்து, திருப்பிப் போட்டு,
விடிய முன் மழைக்குள் கொண்டுவந்திருக்கிறார்.
எத்தனை நாளாக என்று தாயிடம் கேட்டேன்.
“மழ தொடங்குனதுலருந்து.”

கதிரையில் போட்டார். ஒரு சொல் இல்லை.
கால் கழுவப் போனார்.

கிஷோதரன் மூக்கைச் சுளித்தான்.
“தேத்தூள் நாத்தம். கிளாஸ்ல சிரிக்கிறானுங்க.”
சுவரிடம்தான் சொன்னான்.
ஆனாலும் போட்டான்.
கழுத்துவரை பொத்தான் பூட்டி
இரண்டு கையையும் அக்குளில் செருகி
கண்ணை மூடிக் கொஞ்சநேரம் நின்றான்,
பள்ளிக்கூட மணி அடிக்க நேரமாகியும்.

தாளை எடுத்தேன்.
பென்சிலால் போட்ட ஒன்று. அழிக்கலாம்.
இந்த வீட்டில் ஒரு வட்டத்தை
ஏற்கெனவே அழிக்கச் சொன்னவள் நான்.
விதி தெளிவானது: அவர்கள் தந்த எண்ணைத் தொடாதே.
தொடவில்லை.
ஓரத்து வெள்ளையில் மட்டும் எழுதினேன்:
சட்டை.

ஆவணியில் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை அழைத்தாள்,
தாள்களைக் கணினியில் ஏற்றுகிறவள்.
“மிஸ், பதினேழுக்குப் பக்கத்துல
சட்டைன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க,
அத எத்தனைன்னு போட?”